அக்கா போட்டுக்கொண்ட இரண்டு ஊசி

"புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்றால்..." என்று மேடையில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கிழவனுக்கு ஒன்றுக்கு முட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். புள்ளிவிவரம் எதையும் சொல்லாது, அதற்கு வாய் கிடையாது. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் அதன் பெயரைச் சொல்லித் தன் மனசில் இருப்பதைப் பேசுகிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சேலம் சீமையில் ஒரு சுகாதார அதிகாரியிடம் குமாஸ்தாவாக இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். அந்தப் படிப்புக்கு என் அக்காவின் உயிர் போயிற்று. அவள் வாந்திபேதியில் செத்தாள். அந்த வருஷம் அவள் தெருவுக்குக் காலரா ஊசி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் காட்டப்பட்டது நான் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் இன்றைக்கும் ஒரு கூட்டல் பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஊர்ப்பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். செத்தவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. அக்காவைக் கொடுத்த ஊர் வெண்ணந்தூருக்குக் கிழக்கே ஒரு நெசவூர், அவ்வளவு போதும். எங்களுடையதும் தறிக்காரக் குடும்பம்தான். நான் ஒருவன் மட்டும் தறிக்குழியில் கால் வைக்காமல் கணிதத்தில் பி.ஏ. வரைக்கும் போனேன். அப்பா செத்தபிறகு எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியது அக்கா. தறி நூலைத் தார் சுற்றி, ராட்டை சுற்றி, புருஷனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எந்தம்பி கணக்குல புலி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அந்தப் புலி பட்டத்தை வைத்துக்கொண்டு சர்க்கார் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கி, கடைசியில் குமாஸ்தா ஆயிற்று.

அதிகாரி நல்ல மனிதர். என் கோபமே அதுதான். அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். லஞ்சத்துக்குக் கை நீட்டமாட்டார், வெயிலில் கிராமம் கிராமமாக அலைவார், சேரிக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. காலரா ஊசியைப் பற்றித் தன் எல்லையில் திரட்டிய விவரத்தை வைத்து, வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதிவிட வேண்டும்.

"உனக்குக் கணக்கு வருமாமே?" என்று ஒருநாள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

தாளில் நான்கு கட்டம். ஊசி போட்டுக்கொண்டு பேதி கண்டவர்கள், போட்டுக்கொண்டு காணாதவர்கள், போடாமல் கண்டவர்கள், போடாமல் காணாதவர்கள். இரண்டு பக்கமும் நூற்றுக்கு எத்தனை என்று வகுத்து, எது குறைவோ அதைச் சொல்லிவிடலாம் என்று இருந்தார்.

"அது போதாதுங்க சார். ஒரு ஆளுக்கு நாலு தரம் தாயம் விழுந்தா அவன் கைராசிக்காரன்னு எழுதிட முடியுங்களா?"

அவருக்குப் பிடித்துப்போயிற்று. சென்னையிலிருந்து இங்கிலீஷ் புத்தகம் ஒன்று தருவித்தார். அதில் ஒரு சோதனையின் சூத்திரம் அழகாக இருக்கிறது என்று அதையே போடச் சொன்னார். அது சராசரிகளை ஒப்பிடுகிற சோதனை. குழந்தைகளின் எடை, நெல்லின் விளைச்சல் மாதிரி அளக்கிற சமாச்சாரங்களுக்கு ஆனது. "நாம எதையும் அளக்கலைங்க சார், தலையைத்தான் எண்ணியிருக்கிறோம்" என்று சொல்லி, எண்ணிக்கைக்கு உரிய சோதனை இருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அந்தச் சோதனை கேட்பது ஒரே கேள்வி. ஊசிக்கு எந்தச் சக்தியுமே இல்லை என்று வைத்துக்கொள். அப்படியிருந்தும் உன் கண்ணில் பட்ட வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா? வருவது அபூர்வம் என்றால் ஊசிக்குச் சக்தி உண்டு என்று துணிந்து சொல்லலாம். சாதாரணமாகவே வரக்கூடும் என்றால் வாயை மூடிக்கொண்டு, இன்னும் ஆட்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்தி இல்லை என்று சொல்லிவிட அதற்கு அதிகாரம் கிடையாது. அவர் சுறுசுறுப்பான மாணவன் மாதிரி தலையாட்டிக் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஆடிப் பண்டிகைக்கு முன்னால் அக்கா தெருவில் ஊசி போட்டார்கள். நெசவாளிக்கு ஊசி என்றால் கிலி. காய்ச்சலுக்குப் பயந்து அல்ல. குத்திய கை இரண்டு நாள் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொள்ளும். வலது கை நாடாக் கயிற்றை இழுக்க வேண்டும், இடது கை அச்சுப்பலகையைத் தள்ள வேண்டும். எந்தக் கையில் குத்தினாலும் தறி நின்றுவிடும். பண்டிகைச் சேலைக்கு நூல் கொடுத்த முதலாளி வாசலில் வந்து நிற்பான். ஆனாலும் வீட்டுக்கு ஒருவர் விடாமல் பெண்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள் என்றும், ஆண்கள் பெயரும் ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது என்றும் கம்பவுண்டர் வந்து சொன்னார். அதிகாரி பூரித்துப்போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பண்டிகை முடிந்ததும் பேதி வந்தது. அக்காவின் கணவருக்கும் கண்டது. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அவர் கண்டம் தாண்டிவிட்டார். வற்றல் மாதிரி பாயில் கிடந்தார். அவருக்கு மலம் அள்ளி, துணி அலசி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒரே பானைத் தண்ணீரைத்தான் இருவரும் குடித்திருக்கிறார்கள்.

"மாமாவுக்கு ஊசி போட்டும் வந்துட்டுதேக்கா" என்றேன். பதிவில் அவர் பெயரைப் பார்த்திருந்தேன்.

"அவருக்கு எங்கே போட்டாங்க? நானில்ல போட்டுக்கிட்டேன்."

"நீ போட்டுக்கிட்டது உனக்குக்கா."

"இந்தக் கையி எனக்கு, சாமி." இடது புஜத்தைக் காட்டினாள். பிறகு வலது புஜத்தை. "இந்தக் கையி அவருக்கு. கையி வீங்கிப் படுத்துட்டாருன்னா கஞ்சி போட்ட பாவு நூலு என்னத்துக்காவும்? அவரு பேரைச் சொல்லி நானே குத்திக்கிட்டேன். அவரு பேரு என் வாயில வருமா? பின்னால நின்னவதான் சொன்னா. அவ புருசன் பேரை நான் சொன்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். இது என்ன அர்ச்சனையா, பேரும் நட்சத்திரமும் சொல்லி அடுத்தவருக்காக வாங்கிக்கொள்ள என்று கேட்டேன்.

"நட்சத்திரமும் சொன்னோமே. கம்பவுண்டரு அது வேணாமின்னுட்டாரு" என்றாள் அக்கா. "ஏஞ்சாமி கத்தறே? அவருக்குக் கண்ணு நோவு வந்தப்ப நான் ஆத்தா கோயிலைச் சுத்தி உருளுதண்டம் போடலையா? அவரா உருண்டாரு? ஆத்தா ஏத்துக்கிட்டா. ஊசி ஏத்துக்காதா?"

மருந்துக் குப்பி எத்தனை காலியோ அத்தனை பெயர் இருந்தால் போதும் கம்பவுண்டருக்கு. குத்திய கை யாருடையது என்பது அவர் கவலை அல்ல. தெருவில் எந்த வீட்டு ஆம்பிளைதான் போட்டுக்கொண்டான் என்று அக்கா சிரித்தாள். இரண்டு கையும் வீங்கி, குடம் தூக்க முடியாமல் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று. அவளை எப்படிக் குறை சொல்வது? இன்னொருவருக்காக உடம்பை வருத்திக்கொண்டால் பலன் அவருக்குப் போய்ச் சேரும் என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அது ஊசிக்குப் பொருந்தாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் தமுக்கு அடித்து "எல்லாரும் வந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றதோடு சரி.

ஆபீசுக்குத் திரும்பியபோது கணக்கு முடிக்கக் காத்திருந்தது. எல்லா ஊரையும் சேர்த்துச் சோதனையைப் போட்டேன். ஊசி போட்டவர்கள் பக்கம் பேதி குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறைவு தற்செயலாகவும் வரக்கூடியது என்றது சோதனை. ஏன் சொல்லாது? ஊசியே படாத புருஷர்கள் நெசவுத் தெருக்களில் படுத்த படுக்கையாகி, 'ஊசி போட்டும் கண்டவர்' கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்களே.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"அப்போ உன் மாமா பேரை அந்தக் கட்டத்திலிருந்து எடுக்கணும்கிறே."

"அவரை மட்டும் இல்லைங்க சார். நெசவுத் தெரு எல்லாத்துலயும் வீடு வீடா மறுபடி விசாரிக்கணும். கண்டவங்க, காணாதவங்க ரெண்டு பக்கமும். நான் போறேனுங்க சார், பிரயாணப்படி வேண்டாம்."

"விளைவைப் பார்த்தப்புறம் பிடிக்காத எண்ணை எடுக்க ஆரம்பிச்சா அது ஆராய்ச்சி இல்லப்பா, வக்காலத்து" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அது தெரிந்ததால்தான் இரண்டு பக்கமும் விசாரிக்கப் போகிறேன் என்றேன். ஆனால் கட்டுரை அந்த மாதத் தபாலில் போயாக வேண்டும். அக்கா ஒரு துளிகூட நோய் ஒட்டாமல் இருந்ததைச் சொன்னேன். "ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே?" என்று சிரித்தார். அதுவும் நியாயம்தான். அந்த மனிதரிடம் அப்படி நியாயம் நியாயமாகத் தோற்றேன்.

அறிக்கையில் அவர் எழுதிய வாக்கியமும் சுத்தமானது. இந்த எண்களைக் கொண்டு ஊசியின் பயனை நிரூபிக்க இயலவில்லை என்பதுதான் அது. அதை அக்கா ஊர்ப் பஞ்சாயத்துப் போர்டுக் கூட்டத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் நூல் வியாபாரி. தெருவில் பாதித் தறி அவர் கொடுக்கும் நூலில்தான் ஓடியது. ஊசி என்றால் அவருக்கு இரண்டு நாள் சேலை நின்றுபோகிற விஷயம். தாளைப் பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்பறமென்னுங்க? ஊசியில பிரயோசனம் இல்லைன்னு டாக்டரே எழுதிப்போட்டாரு" என்றார்.

நான் எழுந்தேன். "அப்படி எழுதலைங்க. நிரூபணம் ஆகலைன்னுதாங்க எழுதியிருக்குது."

"ஏந்தம்பி, கோர்ட்டுல நிரூபணம் ஆகலைன்னா என்ன பண்றாங்க? விடுதலைதானுங்களே? அப்ப அவன் ஒண்ணும் பண்ணலைன்னுதானுங்களே அர்த்தம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நிரூபணம் ஆகாமல் தப்பித்த திருடன் எத்தனை பேர் இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அடுத்த வருஷம் ஊசி வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு ஒதுக்கிய தொகையில் மேலதிகாரி ஒருவர் வருகைக்குக் கொட்டகை போட்டுத் தோரணம் கட்டினார்கள்.

அதிகாரியிடம் வந்து, போர்டில் இப்படிப் படிக்கிறார்கள், ஒரு கடிதம் எழுதி விளக்குங்கள் என்று கெஞ்சினேன். "எழுதினதைத் தப்பாப் படிச்சா நான் என்னப்பா பண்ண முடியும்?" என்றார். நானே அக்காவிடம் போய்ச் சேலத்துக்கு வா, ஆஸ்பத்திரியில் போட்டுவிடுகிறேன் என்றேன். பண்டிகைச் சேலை முடியட்டும், வாரேன் சாமி என்றாள். பண்டிகை முடிந்தது.

அக்காவுக்குப் பேதி என்று ஆள் வந்து சொன்னதும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். உயிர் இருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. விரல்கள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல் மாதிரி சுருங்கிக் கிடந்தன. மாமா கஞ்சித் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊட்டத் தெரியாமல் ஊட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தது. என்னைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. குரல் இல்லை, காற்றுதான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஊசிக்காரரு ஏஞ்சாமி இந்த வருசம் வரலை? தெனமும் எட்டி எட்டிப் பாத்தேன்."

தற்செயல் என்ற வார்த்தையை அவளுக்கு எப்படி விளக்குவது? "வாராங்கக்கா, வந்துட்டே இருக்கறாங்க" என்றேன். வெயில் தாழ்வதற்குள் போய்விட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஆம்பிளை இப்படி அழலாமா என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு அழுதேன். இன்றைக்கும் அதை எழுதும்போது எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

காரியம் முடிந்து ஆபீசுக்குப் போனபோது அதிகாரி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நாடகம் இல்லை, நிஜம். ஒரு வாரம் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் பழையபடி நான்கு கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த வருஷம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், போலீஸ் லைன்காரர்கள், கடைவீதியில் வசதியானவர்கள். போட்டுக்கொள்ளாதவர்கள் நெசவுத் தெருக்காரர்கள். போட்டவர்கள் பக்கம் பேதி அநேகமாக இல்லை. பார்த்த உடனே தெரிந்தது, இந்தக் கணக்கும் ஆகாது என்று. போலீஸ் லைனில் மூடிபோட்ட கிணறு, அதில் பம்பு. நெசவுத் தெருவில் திறந்த கிணறு. அதில் கிருமி கொல்லும் ஊதா மருந்து கரைத்தால் பாவு நூல் கறைபட்டுப்போகும் என்று கரைக்க விடமாட்டார்கள். இந்த வித்தியாசம் ஊசியால் வந்ததா, கிணற்றால் வந்ததா என்று எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது. போன வருஷமாக இருந்திருந்தால் வாய் கிழியச் சொல்லியிருப்பேன். இந்த முறை சொல்லவில்லை. ஊசிக்குச் சக்தி உண்டு என்று கணக்கு தேறினால் தெருவுக்கு ஊசி வரும். தேறாவிட்டால் நூல் வியாபாரி மறுபடியும் கோர்ட்டைப் பற்றிப் பேசுவான். சொல்லாமல் விட்டதற்காக இன்றுவரைக்கும் நான் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டது இல்லை.

கணக்கை ஆரம்பிக்கும்போது அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேட்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"தப்பா நினைக்காதேப்பா. உன் அக்கா போன வருஷம் ஊசி போட்டுக்கிட்டவங்க. பதிவுல பேர் இருக்கு. அவங்களை எந்தக் கட்டத்துல சேர்க்கறது?"

கேள்வி சரியான கேள்வி. யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"போடாதவங்க பக்கம் சார். போன வருஷத்து மருந்து இவ்வளவு மாசம் தாங்காதுங்க."

அவர் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் முதலில் அவளை எந்தக் கட்டத்திலும் சேர்க்காமல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மயிரிழையில் தேறவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்றது. பிறகு போடாமல் கண்டவர்கள் கட்டத்தில் இருந்த எண்ணை ரப்பரால் அழித்து, ஒன்று கூட்டி எழுதி, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.

தேறியது. அதிகாரி திரும்பி வந்து, என் தோளுக்கு மேலாக விடையைப் பார்த்துவிட்டு, "சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆயிருச்சு" என்றார். அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்கு ஊசி வந்தது.